மார்கழிப் பனியில் மீனை வாசனை காட்டி இழுப்பது எப்படி?

கார்த்திகை பிறந்துவிட்டால் காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது குளியலறை ஜன்னலில் இருக்கும் தேங்காய் எண்ணெய்க் குப்பியைத்தான். எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தால் அன்றைக்குத் தூண்டில் இரையை வேறு மாதிரிப் பிசைய வேண்டும் என்று அர்த்தம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் இறுக ஆரம்பித்துவிடும். வெயிலுக்குப் பேர்போன எங்கள் ஈரோட்டுப் பக்கத்திலேயே மார்கழி விடியலில் 20 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. நாமே போர்வையைத் தேடுகிற நேரத்தில் ஆற்றுக்குள் கிடக்கிற கெண்டை மட்டும் சித்திரை மாதம் மாதிரி துள்ளிக்கொண்டு வந்து இரையைக் கவ்வுமா?

இதை எழுத வைத்தது என் அக்கா மகன். அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். அங்கே நவம்பர் குளிரில் மான்கள் இணை சேரும் காலமாம். வேட்டைக்காரர்கள் பெண்மானின் மூத்திரத்தைக் குப்பியில் வாங்கி, பஞ்சில் நனைத்துக் கிளையில் கட்டிவிட்டு, காற்று தங்கள் பக்கம் அடிக்கிற இடமாகப் பார்த்து மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். ஆண்மான் மோப்பம் பிடித்துக்கொண்டு வருகிறது. அந்த வீடியோவை அனுப்பிவிட்டு, "மாமா, நம்ம சத்தியமங்கலத்துல இது நடக்குமா?" என்று கேட்டான். நடக்கும் மாப்பிள்ளை, நேராக ஜெயிலுக்கு நடக்கும் என்று சொன்னேன். 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி இங்கே மான் மேல் கை வைக்க முடியாது, சத்தியமங்கலம் காடு 2013 முதல் புலிகள் காப்பகம் வேறு. அந்த மூத்திரச் சமாசாரத்தையே மான்களுக்குள் பரவும் ஒரு நோயின் பயத்தால் அமெரிக்காவில் சில மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன.

ஆனால் அந்த வீடியோவை நான் மூன்று தரம் பார்த்தேன். குளிரில் வாசனை எப்படிப் போகிறது, எந்தப் பக்கம் உட்கார வேண்டும், நம் மேல் இருக்கிற வாடையை எப்படி மறைக்க வேண்டும் என்று அவர்கள் மெனக்கெடுகிற அதே மூன்று சங்கதிதான் பனிக்காலத்தில் காவிரிக் கரையில் தூண்டிலோடு உட்காருகிறவனுக்கும். காற்றுக்குப் பதில் தண்ணீர், அவ்வளவுதான்.

குளிரில் மீனுக்கு என்ன ஆகிறது

மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூட்டோடு ஏறி இறங்கும். தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், பசி குறையும், இரையைத் துரத்திக்கொண்டு ஓடாது. இங்கே ஐஸ் கட்டுகிற குளிர் இல்லை, ஆகவே மீன் தின்பதை நிறுத்திவிடாது. தின்கிற அளவையும் தின்கிற நேரத்தையும் சுருக்கிக்கொள்ளும். இன்னொன்று, கெண்டை இனத்துக்கு இரைப்பை என்று தனியாக ஒன்று கிடையாது. ரோகு, கட்லா, மிர்கால், சாதா கெண்டை எல்லாமே அப்படித்தான், வாய்க்குள் போனது நேராகக் குடலுக்குப் போய்விடும். அதனால்தான் இந்த மீன்கள் ஒரே மூச்சில் வயிறு முட்டத் தின்னாமல் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கின்றன. குளிரில் அந்த மேய்ச்சலும் மெதுவாகிவிட்டால், நீங்கள் கொட்டுகிற இரண்டு உருண்டையிலேயே அன்றைய சாப்பாடு முடிந்துவிடும். அப்புறம் முள்ளில் இருப்பதை யார் தின்பார்கள்?

ஆக, பனிக்காலத்துக்கு ஒரே கணக்கு: வாசனை கூட இருக்க வேண்டும், தீனி குறைய வேண்டும். பழக்கதோஷத்தில் நம் ஆட்கள் நேர்மாறாகத்தான் செய்கிறார்கள். மீன் கடிக்கவில்லை என்றதும் இன்னும் ஒரு படி மாவை வீசுகிறார்கள்.

மீனுக்கு மூக்கு இருக்கிறது, ஆனால் அது மூச்சு விடுவதற்கு இல்லை. முன்துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்ப் பின்துளை வழியாக வெளியே வரும், அந்த வழியில் மோப்பம் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் மீசை. சாதா கெண்டைக்கு இரண்டு ஜோடி மீசை, அதில் ருசி அறியும் மொட்டுகள். கெளுத்தி இனத்துக்கு மீசையில் மட்டுமல்ல, தோல் முழுக்கவே ருசி தெரியும், உடம்பே நாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதிலிருந்து நமக்குத் தெரிய வேண்டியது, தண்ணீரில் கரைகிற வாசனைதான் மீனிடம் போய்ச் சேரும். நமக்கு மூக்கைத் துளைக்கிற எத்தனையோ வாசனைகள் எண்ணெயில் கட்டுண்டு கிடப்பவை. எண்ணெய் மேலே மிதந்து போய்விடும், அடியில் கிடக்கிற மிர்காலுக்கு ஒன்றும் தெரியாது. தேங்காய் எண்ணெயாக இருந்தால் குளிரில் மாவுக்குள்ளேயே மெழுகு மாதிரி இறுகி, இருக்கிற வாசனையையும் பூட்டிவைத்துவிடும்.

இந்தத் தப்பை நானே ஒரு பருவம் முழுக்கச் செய்திருக்கிறேன். காங்கேயத்துப் பக்கம் தேங்காய் எண்ணெய் மில் நிறைய, தேங்காய்ப் புண்ணாக்கு புதுசாகக் கிடைக்கும். கோடையில் அதை அள்ளிப் பிசைந்து போட்டு நல்ல மீன் எடுத்தவன் நான். அதே உருண்டையைத் தை மாதம் போட்டால், மாலையில் தூண்டிலைச் சுருட்டும்போது உருண்டை போட்டது போட்டபடி கெட்டியாக வருகிறது. கரைந்தால்தானே வாசனை போகும்! இப்போது தேங்காய்ப் புண்ணாக்கைக் குளிர்காலத்தில் தொடுவதே குறைவு, தொட்டால் கொதிக்கிற தண்ணீரில் ஊறவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வடித்துவிட்டுத்தான்.

மாவு பிசைவது

இரண்டு விதமான மாவு வேண்டும். ஒன்று தண்ணீரில் தூவிக் கரைய விடுவதற்கு, மற்றது முள்ளில் குத்துவதற்கு. இரண்டுக்கும் வாசனை ஒன்றாக இருக்க வேண்டும், பக்குவம் மட்டும் வேறு.

தூவுகிற மாவுக்கு நான் எடுப்பது கடலைப் புண்ணாக்கு அரைக் கிலோ, தவிடு கால் கிலோ, ராகி மாவு கால் கிலோ. செக்கில் ஆட்டின புண்ணாக்கு கிடைத்தால் நல்லது. புண்ணாக்கை இடித்து, வெறும் வாணலியில் லேசாக வறுத்து, சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். கோடையில் நான் சலிப்பதில்லை, குருணை குருணையாகவே போடுவேன். பனிக்காலத்தில் குருணை என்றால் அது தீனி. தூள் என்றால் தண்ணீரில் புகை மாதிரிப் பரவி, வாசனை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடும், மீனுக்கு வயிறு நிறையாது.

இனிப்புக்கு நாட்டுச் சர்க்கரை 100 கிராம். கவுந்தப்பாடிச் சர்க்கரைதான் வேண்டும் என்று நான் சொன்னால் ஊர்ப்பற்று என்பீர்கள், ஆனால் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சர்க்கரை கெண்டைக்கு ஆகாமல் போகுமா? வெள்ளைச் சர்க்கரையில் இனிப்பு மட்டும்தான், நாட்டுச் சர்க்கரையில் பாகு வாசனையும் இருக்கிறது, அதுதான் வேலை செய்கிறது. சர்க்கரையை வெதுவெதுப்பான நீச்சத்தண்ணியில் கரைத்து (பழைய சோற்றில் ஊறின தண்ணீர், இரண்டு நாள் புளித்தது) மாவில் ஊற்றிப் பிசறி, மண்சட்டியில் போட்டு மூடிவைக்க வேண்டும்.

இங்கேதான் குளிர் குறுக்கே வரும். தோசை மாவு சித்திரையில் ராத்திரிக்குள் பொங்கி வழிகிறது, மார்கழியில் மறுநாள் மத்தியானம் வரைக்கும் அப்படியே அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது, இல்லையா? அதே கதைதான். கோடையில் ஒரு நாள் போதும் என்றால் பனியில் இரண்டு மூன்று ராத்திரி வேண்டும். அடுப்புக்குப் பக்கத்திலோ, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சூடாக இருக்கிற இடத்திலோ சட்டியை வையுங்கள். வீட்டில் கேட்டுவிட்டு வையுங்கள். புளிப்பும் இனிப்புமாக, கொஞ்சம் கள் வாடை மாதிரி அடித்தால் தயார். அழுகல் வாடையோ மேலே பச்சைப் பூசணமோ வந்தால் எருக்குழிக்குத்தான் போக வேண்டும். புளித்தால் ஏன் மீன் வருகிறது என்றால், புளிக்கும்போது உண்டாகும் அமிலங்களும் உடைந்த சத்துகளும் தண்ணீரில் சட்டென்று கரைகிற சாமான்கள், சூடு குறைந்தாலும் அவை கரைவதற்கு மறுப்புச் சொல்வதில்லை.

முள் மாவுக்கு, இந்தப் புளித்த கலவையில் இரண்டு கைப்பிடி எடுத்து, கோதுமை மாவு சேர்த்துச் சப்பாத்திக்குப் பிசைவதைவிடக் கொஞ்சம் இளக்கமாகப் பிசையுங்கள். ராகிக் களி கிண்டிச் சேர்த்தாலும் நன்றாகப் பிடிக்கும். காவிரிக்கு ராகி உருண்டை புதுசு இல்லை, மேலே மலைப்பக்கத்தில் அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் பெரிய பெரிய மயில்கெண்டைகளை (மஹ்சீர் என்பார்கள்) ராகி உருண்டை போட்டுப் பிடித்திருக்கிறார்கள். ஓட்டம் வேகமாக இருந்தால் மாவுக்குள் துளி பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்துகொள்ளலாம், முள்ளை விட்டு நழுவாது. ஆனால் குளிர்ந்த தண்ணீரில் மாவு தானாகவே இறுகும் என்பதால் பனிக்காலத்தில் பஞ்சு அநேகமாகத் தேவைப்படாது. விரலால் அமுக்கினால் உடனே குழிய வேண்டும், அதுதான் பதம்.

எந்த வாசனை

ஆளுக்கு ஒரு ரகசியம் வைத்திருப்பார்கள். டீக்கடையில் கேட்டால் ஒருவர் ஏலக்காய் என்பார், இன்னொருவர் வெந்தயம் என்பார், மூன்றாவது ஆள் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுவார். நான் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்திருக்கிறேன், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டும் பார்த்திருக்கிறேன். ஒன்றாகப் போட்டால் பிரியாணி வாசம்தான் வரும், மீன் வராது. ஒரு நாளைக்கு ஒரு வாசனை போதும்.

பனிக்கு என் முதல் கை பெருங்காயம். தூள் டப்பா வேண்டாம், அதில் மாவும் பிசினும்தான் பாதிக்கு மேல். கட்டிப் பெருங்காயம் வாங்கி, பட்டாணி அளவு கிள்ளிச் சுடுதண்ணீரில் கரையவிட்டு, அந்தத் தண்ணீரை மாவில் தெளியுங்கள். அரைக் கிலோ மாவுக்கு அந்தப் பட்டாணி போதும். ஒரு தரம் ஆசைப்பட்டு நெல்லிக்காய் அளவு போட்டு, சட்டியை வண்டிப் பெட்டியில் சோற்றுப் போசியோடு வைத்துக் கொண்டுபோனேன். மீனும் வரவில்லை, அன்றைக்குத் தயிர்சாதமும் வாயில் வைக்க முடியவில்லை, வண்டிப் பெட்டி பொங்கல் வரைக்கும் நாறியது.

சோம்பு நல்ல சரக்கு, ஆனால் அதன் வாசனை எண்ணெயில் இருக்கிறது, குளிர்ந்த தண்ணீரில் லேசில் இறங்காது. முழுசாகவோ ஒன்றிரண்டாக இடித்தோ போட்டால் வீண். வறுத்து மாவாக அரைத்து, சுடுதண்ணீரில் கொதிக்கவிட்டு அந்தக் கஷாயத்தில் பிசையுங்கள். பேக்கரிச் சாமான் கடையில் கிடைக்கும் வெனிலா, அன்னாசி எசென்ஸ் இந்த விஷயத்தில் சௌகரியம், தண்ணீரில் உடனே கலந்துவிடும், கட்லாவுக்கு இந்த இனிப்பு வாசனை பிடிக்கிறது என்பது என் அனுபவம். அரைக் கிலோவுக்கு ஐந்தாறு சொட்டு. மூடியால் ஊற்றாதீர்கள்.

பூண்டு கெளுத்திக்கு. அதை அப்புறம் சொல்கிறேன்.

இத்தனை வாசனையும் உங்கள் கையால்தான் கெட்டுப்போகும். மான் வேட்டைக்காரர்கள் துணியைக்கூட வாசனையில்லாத சோப்பில் துவைக்கிறார்கள், நாம் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு, பில் வாங்கி, அதே கையோடு மாவைப் பிசைகிறோம். பெட்ரோல், பீடி, கொசுக் களிம்பு, தலைக்குத் தேய்த்த எண்ணெய், இந்த நாலும் ஆகாது. மார்கழியில் ஆற்றங்கரைக் கொசுவுக்குக் களிம்பு தடவாமல் இருக்க முடியாது என்றால் புறங்கையில் தடவிவிட்டு உள்ளங்கையைக் கரை மண்ணால் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பை விட மண் மேல். மஞ்சள் மண்டியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கூட வருவார், அவர் கையில் பிசைந்த மாவு எப்போதும் மஞ்சளாகத்தான் இருக்கும், அதற்கும் மீன் கடிக்கத்தான் செய்கிறது. ஆகவே எல்லா வாடையும் கெடுதல் என்று நான் சொல்லமாட்டேன்.

எங்கே, எப்போது

விடியலில் பனிமூட்டத்துக்குள் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பது பார்க்க அழகாகத்தான் இருக்கும். படம் எடுத்துப் போடலாம், மீன் வராது. பனிக்காலத்தில் பத்து மணிக்கு வெயில் உறைத்தபிறகு போய் மூன்று, மூன்றரை வரை உட்காருங்கள். ராத்திரியில் முதலில் ஆறுவது கரையோரத்து ஆழமில்லாத தண்ணீர்தான், அதனால் காலையில் மீன் மடுவுக்குள் கிடக்கும். உச்சிக்கு அந்த மேடான தண்ணீர் முதலில் சூடாகும்போது மேய மேலே ஏறும். மடுவும் மேடும் சேருகிற சரிவில் உங்கள் மாவு கிடக்க வேண்டும்.

ஆற்றில் ஓட்டம் இருக்கும்போது வாசனை ஒரு வால் மாதிரி கீழ்ப்பக்கமாக நீளும். அதன் நுனி மீனின் மூக்கில் பட்டால், மீன் ஓட்டத்தை எதிர்த்து வால் பிடித்துக்கொண்டு மேலே வரும். மீன் இருக்கும் என்று நினைக்கிற இடத்துக்கு நேராகப் போடாமல் பத்துப் பதினைந்து அடி மேலே போடுங்கள். இடத்தை மாற்றாதீர்கள். இங்கே ஒரு உருண்டை, அங்கே ஒரு உருண்டை என்று வீசினால் வால் துண்டு துண்டாகப் போய், மீன் எதைப் பிடித்துக்கொண்டு வருவது என்று தெரியாமல் சுற்றும். முதலில் சாத்துக்குடி அளவில் இரண்டு உருண்டை. அப்புறம் அரை மணிக்கு ஒரு தரம் எலுமிச்சை அளவில் ஒன்று. அதற்கு மேல் கை அரித்தால் கையைப் பைக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.

ஏரி, குட்டையில் ஓட்டம் இல்லை, காற்றுதான் ஓட்டம். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே இருந்து அடித்த காற்று, இப்போது வாடையாக வடகிழக்கிலிருந்து வரும். மேல்தண்ணீர் தென்மேற்குக் கரைக்கு ஒதுங்கும், மத்தியானம் சூடான தண்ணீரும் அதோடு சேர்ந்து அங்கேதான் நிற்கும், மிதக்கிற தூசு தும்பு எங்கே சேருகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். கட்லாவுக்கு அந்தக் கரைதான் இடம். கட்லாவின் வாய் மேல்பார்த்த வாய், மேல்தண்ணீரில் மேய்வது, மீசையும் கிடையாது. அதற்குப் பொரியைப் பொடித்து மாவில் சேர்த்து லேசாக்குங்கள், உருண்டை உடையும்போது தூள் மேலெழும்பிப் பரவும். ரோகு நடுத்தண்ணீரில், மிர்கால் அடியில். மிர்காலுக்குப் போகும்போது கனமாகப் பிசைந்து சேற்றில் உட்காரவிடுங்கள்.

ஐப்பசி மழையில் செந்தண்ணீர் வந்து ஆறு கலங்கி ஓடும் நாட்களில் மீனுக்குக் கண் தெரியாது, வாசனை ஒன்றுதான் வழி. புளித்த மாவுக்கு அதைவிட நல்ல நாள் இல்லை. ஆனால் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகி மூன்று நாலு நாள் வானம் மூடியே கிடந்தால், குட்டையில் பிராணவாயு குறைந்து மீன் சோர்ந்திருக்கும், என்ன வாசனை போட்டாலும் அசையாது. வெயில் அடித்து இரண்டு நாள் ஆகட்டும்.

மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு மூடுவது வழக்கப்படி ஜனவரி 28. அதற்கு அப்புறம் கொடுமுடிப் பக்கம் காவிரி ஒடுங்கி, மீனெல்லாம் மடுவுகளில் சேர்ந்துவிடும். தையின் கடைசி இரண்டு வாரமும் மாசித் தொடக்கமும்தான் எனக்குப் பிடித்த காலம், குளிரும் விட்டிருக்கும், தண்ணீரும் நின்றிருக்கும். ஒரு எச்சரிக்கை: ஊராட்சிக்கோட்டை, வெண்டிப்பாளையம் மாதிரிக் கதவணைகளுக்குக் கீழே பாறையில் இறங்கி உட்காராதீர்கள். கதவைத் திறந்தால் நீங்கள் தூண்டிலைச் சுருட்டி முடிப்பதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிடும்.

முள்ளும் தக்கையும்

குளிரில் மீன் கவ்வி இழுக்காது, உதட்டால் உறிஞ்சிப் பார்க்கும். கோடையில் கொண்டைக்கடலை அளவுக்கு மாவு குத்தினால் இப்போது பாதி நிலக்கடலை அளவு. முள் எட்டாம் நம்பர் அல்லது பத்து, நரம்பு (தூண்டில் நூல்) மெல்லிசாக. கடைத் தக்கை கனமாக இருந்தால் சோளத்தட்டை நெட்டியில் நீங்களே ஒன்று செய்துகொள்ளுங்கள், நுனி மட்டும் தெரிகிற மாதிரி ஈயம் கட்டுங்கள். தக்கை முங்கும் என்று காத்திருந்தால் பொழுது சாயும். லேசாகச் சாய்ந்தாலோ, ஒரு விரக்கடை எழும்பினாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ சுண்டிவிட வேண்டியதுதான். ஸ்பிரிங் வைத்து மாவைப் பொதிந்து போடுகிறவர்கள் மாவைக் கோடையில் அமுக்குகிற மாதிரி அமுக்காதீர்கள், இருபது நிமிஷத்தில் கரைந்து போகிற அளவுக்கு அமுக்கினால் போதும்.

கெளுத்திக்கு முறை வேறு. அது அந்தி சாய்ந்தபிறகுதான் கிளம்பும், பனியிலும் அப்படியே. கோழி ஈரலை உப்பில்லாமல் நசுக்கின பூண்டில் ஒரு மணி நேரம் புரட்டிவைத்து, நூலால் முள்ளோடு சுற்றிக் கட்டிப் போடுங்கள். நெத்திலிக் கருவாட்டை ஊறவைத்த தண்ணீரைத் தவிட்டில் பிசைந்து அடியில் போட்டால் இன்னும் சீக்கிரம் வரும். மண்புழு எப்போதும் ஆகும், கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம், ஆனால் மார்கழியில் மேல்மண் காய்ந்து புழு கீழே போயிருக்கும், வாழைக்கு அடியில் தோண்டிப் பாருங்கள். கெளுத்தியின் துடுப்பில் கையைக் குத்தும் முள் இருக்கிறது, அதைப் பற்றித் தெரியாதவர்கள் துணி போட்டுப் பிடியுங்கள்.

கிணற்றில் நடந்தது

வாசனை கூட, தீனி குறைய என்று நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெருந்துறைப் பக்கத்தில் மச்சான் தோட்டம். நம்மூர்க் கிணறுதான், நாலு பக்கமும் கல் கட்டி, இறங்கப் படி வைத்தது. உள்ளே ஜிலேபி பெருகிக் கிடந்தது. ஒரு கார்த்திகை மாதம் ஒறம்பரை (சொந்தக்கார விருந்தாளிகள்) வருகிறார்கள், மீன் பிடித்துத் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டு, முதல் நாள் ராத்திரியே இரண்டு கிலோ புண்ணாக்கு மாவை உள்ளே கொட்டினேன். ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீன், அதற்குக் குளிர் நம்மை விட ஆகாது. தின்னவே இல்லை. மாவு அடியில் கிடந்து புளித்து அழுகியது, வானம் வேறு மூடிக்கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் மச்சான் கூப்பிட்டு, "மாமா, வந்து பாருங்க, மீனெல்லாம் மேல வந்து வாயைத் தெறந்துட்டு நிக்குது" என்றார். மோட்டாரைப் போட்டு, அதே தண்ணீரை மேலிருந்து கிணற்றுக்குள்ளேயே கொட்டவிட்டு, மத்தியானம் வரைக்கும் ஓட்டினதில் பாதி மீன் பிழைத்தது. ஒறம்பரைக்கு அன்றைக்குக் கோழிதான். மச்சான் இன்றைக்கும் யாராவது புண்ணாக்கு என்றால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

கிணறு, குட்டை மாதிரி ஓட்டமில்லாத தண்ணீரில் மொத்த நாளைக்கும் கால் கிலோ மாவுக்கு மேல் வேண்டாம்.

அனுமதி

பவானிசாகர், ஆழியாறு, அமராவதி மாதிரி அணைகளில் மீன்பிடி உரிமை சும்மா கிடப்பதில்லை, ஏரிகளையும் குத்தகைக்கு எடுத்திருப்பார்கள். கேட்காமல் தூண்டில் போட்டால் வம்பு. குத்தகைக்காரரிடம் நேரில் போய்க் கேட்டால் ஒற்றைத் தூண்டிலுக்குப் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். மோயாறு பவானிசாகரில் வந்து சேருகிற பக்கம், அதற்கு மேலே காடு, எல்லாம் காப்பகம், அங்கே தூண்டிலே கூடாது. அந்தத் தண்ணீரில் இருக்கும் பெரிய மயில்கெண்டை அழிவின் விளிம்பில் இருக்கிறது என்று 2018-ல் உலகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். காவிரியில் தப்பித் தவறி ஒரு மயில்கெண்டை மாட்டினாலும் தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். அணையோரக் கிராமங்களில் இருந்து போகிறவர்களுக்கு இன்னொன்று: நாட்டுச் சர்க்கரை போட்டுப் புளித்த மாவு கெண்டைக்கு மட்டும் வாசனை காட்டாது, யானைக்கும் காட்டும். நாலு மணிக்கு மேல் அங்கே சட்டியோடு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

தோட்டா வெடிப்பது, நஞ்சு கலப்பது எல்லாம் 1897-ம் வருஷத்துச் சட்டத்திலேயே குற்றம், அதைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை. நொய்யலில் சாயத் தண்ணீர் கலந்த பகுதிகளில் மீன் கடிக்கும், ஆனால் நான் அதைச் சாப்பிட மாட்டேன்.

பிடித்த மீனை என்ன செய்வது என்பது மார்கழியில் தனிப் பிரச்சினை. எங்கள் வீதியில் பாதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள், மீதிப் பேர் பழனிக்கு நடக்க விரதம். மற்ற மாதங்களில் வாசலில் வந்து எட்டிப் பார்க்கிறவர்கள் இந்த மாதம் தெருவின் அந்தப் பக்கமாக நடந்து போவார்கள். ஆகவே வீட்டுக்கு வேண்டிய இரண்டு மீனை வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறேன். மீந்த மாவையும் ஆற்றில் கவிழ்ப்பதில்லை. பூண்டும் எசென்ஸும் சேர்க்காத மாவாக இருந்தால் அன்றைக்கே மாட்டுக்குக் கொஞ்சம் வைக்கலாம், இல்லாவிட்டால் உருட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த வாரம் ஆகும். டப்பாவின் மேல் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தரம் அது ராகிக் களி என்று நினைத்து அடுப்பில் ஏறிவிட்டது.